வேளச்சேரி 24 நாளில் 7 செ.மீ. இறங்கிடுச்சா? என் முதல் இன்சார் படம், பார்த்துச் சொல்லுங்க

நாரை | சனி, இரவு 11.42

வணக்கம். ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் முதுகலை, இரண்டாம் வருஷம். புராஜெக்டுக்காக சென்டினல்-1 செயற்கைக்கோளோட ராடார் படம் இரண்டை இறக்கி, ஸ்னாப் மென்பொருள்ல போட்டு ஒரு வாரமா மல்லுக்கட்டுறேன். இன்னிக்கு ராத்திரிதான் முதல் இன்டர்ஃபெரோகிராம் (இரண்டு படத்தையும் ஒப்பிட்டுத் தரை அசைவைக் காட்டுற வண்ணப்படம், இந்த முறைக்குப் பேர்தான் இன்சார்) வந்துச்சு. லேப்டாப் மேல தோசை வார்க்கலாம், அவ்வளவு சூடு.

செஞ்சது இதுதான். முதல் படம் செப்டம்பர் கடைசி. இரண்டாவது 24 நாள் கழிச்சு, மழை பிடிச்ச வாரம். இரண்டும் ஒரே பாதையில, விடிகாலை ஆறு மணி வாக்கில எடுத்தது. ஏரியா சின்னதா இருக்கட்டும்னு பள்ளிக்கரணை சதுப்பைச் சுத்தி மட்டும் வெட்டிக்கிட்டேன். கோஹிரன்ஸ் (இரண்டு படமும் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற அளவு) 0.4-க்குக் கீழ இருந்ததை எல்லாம் மறைச்சேன். ஸ்னாஃபு மென்பொருள் வச்சு அன்ராப் பண்ணேன், அதாவது வண்ணச் சுற்றை எண்ணித் தூரமா மாத்தினேன். ராடார் சாய்வா பார்க்குதே, அதனால வந்த எண்ணை 37 டிகிரியோட கோசைனால (0.8) வகுத்துச் செங்குத்தா மாத்தினேன். துரைப்பாக்கத்துல ஒரு புள்ளியைப் பூஜ்யம்னு வச்சேன்.

விடை: துரைப்பாக்கம் பக்கம் பச்சை, அசைவு இல்லை. வேளச்சேரி பக்கம் முழுக்க சிவப்பு. 7 செ.மீ. கீழே!

கை நடுங்குது. எங்க கைடுகிட்ட திங்கட்கிழமைதான் காட்ட முடியும். அதுக்குள்ள இதைப் பொதுவுல போடலாமா? அங்க குடியிருக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?


ஓரக்கண் | ஞாயிறு, காலை 6.15

போடுங்க தம்பி, உடனே போடுங்க. நாளைக்கு யாராவது வந்து அழிக்கச் சொல்வாங்க. உத்தராகண்ட் ஜோஷிமட்ல நிலம் இறங்கினப்ப என்ன நடந்துச்சுன்னு பார்த்தோம்ல.


அலைநீளம் | ஞாயிறு, காலை 11.08

போடாதீங்க. கொஞ்சம் பொறுங்க.

முதல்ல வாழ்த்து. முதல் தடவையே வண்ணப்பட்டை வர்ற வரைக்கும் கொண்டு வந்தது லேசான காரியம் இல்லை. நான் ஜெர்மனியில இந்த வேலைதான் பண்றேன். என் முதல் படத்துல ஒரு முழு மாவட்டமே மூழ்கிக்கிட்டு இருந்துச்சு.

கணக்கைப் பாருங்க. 24 நாளில் 7 செ.மீ.ன்னா வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல. உலகத்துலயே மோசமா இறங்குற ஊர்கள்ல ஒண்ணு மெக்சிகோ சிட்டி. பழைய ஏரிப்படுகை களிமண் மேல கட்டின ஊர், அடியிலிருந்து நூறு வருஷமா தண்ணி உறிஞ்சுறாங்க. அங்கேயே மிக மோசமான இடத்துல வருஷத்துக்கு 50 செ.மீ.தான். வேளச்சேரி அதை இரண்டு மடங்கு தாண்டுதுன்னா ராடார் வேண்டாம், ஜன்னல் கதவே சொல்லிடும்.

எனக்குத் தோணுறது காத்துல இருக்கிற ஈரம். ராடார் அலை 693 கி.மீ. உயரத்துலேர்ந்து வந்து திரும்பிப் போகுது. கடைசி சில கி.மீ. ஈரக்காத்து வழியா வரும்போது அது தாமதமாகும். தாமதமானா, தரை தூரமாப் போன மாதிரித் தெரியும், அதாவது இறங்கின மாதிரி. ஒப்பு ஈரப்பதத்துல 20 சதவீத வித்தியாசம் இருந்தா 10 செ.மீ. வரைக்கும் பொய்யான அசைவு வரலாம்னு 1997-லேயே ஸெப்கர் குழு எழுதிட்டாங்க. உங்க முதல் படம் வறண்ட நாள், இரண்டாவது மழை வாரம். அதுவும் கடலோரச் சென்னையில.

இதுல பெரிய தலைங்களே விழுந்திருக்காங்க. எட்னா எரிமலை 1991-93 வெடிப்புல உள்வாங்கினதை ராடார் காட்டுதுன்னு 1995-ல பெரிய ஆய்விதழ்ல கட்டுரை வந்துச்சு. 2000-ல இன்னொரு குழு உட்கார்ந்து பார்த்தா, அந்த வளையங்கள்ல பெரும்பகுதி காத்தோட வேலையா இருக்கலாம்னு தெரிஞ்சுது. மலை இளைக்கலை, மேல இருந்த காத்து மாறியிருக்கு.


கீழ்த்தளம் | ஞாயிறு, மதியம் 1.30

நான் தொழில்நுட்பம் தெரிஞ்ச ஆள் இல்லை. வளசரவாக்கத்துல கீழ்த்தளத்துல இருக்கேன். 2 வருஷமா ஹால் சுவர்ல மூலைவிட்டமா ஒரு வெடிப்பு. ஜன்னல் மூலையில ஆரம்பிச்சு மேல போகுது. கட்டினவர்கிட்ட கேட்டா "ஏரியாவே இறங்குது, சாட்டிலைட்டே சொல்லிடுச்சு, நான் என்ன பண்ண"ன்னு கையை விரிக்கிறார். பேப்பர்லயும் எங்க ஏரியா பேர் வந்துச்சு. எங்க வீட்டை சாட்டிலைட்ல பார்த்துச் சொல்ல முடியுமா?


டம்பிலெவல் | ஞாயிறு, மாலை 5.50

பணியில் இருந்து ஓய்வு பெற்ற சர்வே பொறியாளன் நான். 31 ஆண்டுகள் லெவல் (நிலத்தின் உயர அளவு) எடுத்தேன். ராடார் எனக்குத் தெரியாது. ஆனால் நாரைத் தம்பியிடம் ஒரு கேள்வி.

அந்த ஏழு சென்டிமீட்டர் எங்கே போய் முடிகிறது? பூஜ்யத்திலிருந்து ஏழுக்குச் சரிவாக இறங்குகிறதா, அல்லது படிக்கட்டு மாதிரி ஒரே வெட்டாக இறங்குகிறதா? நிலம் இறங்கினால் கிண்ணம் போல் இறங்கும். நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. படிக்கட்டாக இருந்தால் அது நிலத்தின் பிழை இல்லை, புத்தகத்தில் எழுதியவனின் பிழை. எங்கள் காலத்தில் ஸ்டாஃபில் (அளவுக் கோலில்) ஒரு மீட்டரைத் தவறாகப் படித்தால் அந்த இடத்துக்கு அப்பால் எல்லாமே சரியாக ஒரு மீட்டர் இறங்கியிருக்கும்.


நாரை | ஞாயிறு, மாலை 6.20

ஐயா, படிக்கட்டுதான். சதுப்பு முழுக்க மறைஞ்சுபோச்சு, அங்க கோஹிரன்ஸே இல்லை. இந்தக் கரையில பச்சை, அந்தக் கரையில சிவப்பு. சிவப்புக்குள்ள 6.8, 7.1, 7.0 அப்படித்தான் இருக்கு. கிண்ணம் இல்லை.

(தம்பி இல்லை ஐயா, தங்கை.)


அலைநீளம் | ஞாயிறு, மாலை 6.41

ஐயா கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கணும். மழை வாரம்னதும் ஈரம்னு பாய்ஞ்சுட்டேன். ஈரம் சதுப்போட கரையைப் பார்த்து நிக்காது.

நாரை, 7-ஐ திரும்ப 0.8-ஆல பெருக்குங்க. 5.6 வருதா? சென்டினல்-1 அலைநீளமே 5.6 செ.மீ.தான். அலை போயிட்டுத் திரும்புறதால ஒரு வண்ணச் சுற்று 2.8 செ.மீ. உங்க ஏழு செ.மீ. சரியா இரண்டு சுற்று. மி.மீ. பிசகாம இரண்டு சுற்று இறங்குற நிலம் கிடையாது.

நடந்தது என்னன்னா: ராடாருக்கு நிமிஷ முள் மட்டும்தான் இருக்கு, மணி முள் கிடையாது. இருபது நிமிஷம் ஆச்சுன்னு சொல்லும், ஒரு மணி இருபதா மூணு மணி இருபதான்னு சொல்லாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளியைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டே போய் மணியைக் கண்டுபிடிக்கிறதுதான் அன்ராப்பிங். நடுவுல தொட இடம் இல்லாம ஒரு பள்ளம் வந்தா அது குத்துமதிப்பா தாவும். உங்க படத்துல அந்தப் பள்ளம் சதுப்பு.

வடக்கே தரமணி, பெருங்குடி வழியா கட்டடமாவே இருக்கே, அது வழியா எண்ணிக்கிட்டு வந்திருக்கலாமே?


நாரை | ஞாயிறு, மாலை 6.55

அங்கதான் சப்செட் போட்டு வெட்டிட்டேன்.


அலைநீளம் | ஞாயிறு, மாலை 6.58

வெட்டின இடத்துலதான் பாலம் இருந்துச்சு.


டம்பிலெவல் | ஞாயிறு, இரவு 8.10

சிரித்துவிட்டேன் அம்மா, மன்னிக்கவும். இது எல்லோருக்கும் நடப்பது.

ஒரு சந்தேகம். நாங்கள் லெவல் ஓட்டினால் போன வழியே திரும்பி வந்து மூடுவோம். ஆரம்பித்த பெஞ்ச்மார்க்கில் (உயரம் தெரிந்த குறியில்) திரும்ப எத்தனை வருகிறது என்று பார்ப்போம். 12 ரூட் கே (கே என்பது கி.மீ.) என்பது பாடப்புத்தகக் கணக்கு: பத்து கி.மீ. ஓடினால் 38 மி.மீ. வரை பிழையை மன்னிப்பார்கள். உங்கள் ராடாரில் மூடிப் பார்க்க வழி உண்டா?


அலைநீளம் | ஞாயிறு, இரவு 8.45

உண்டு ஐயா, கிட்டத்தட்ட அதே யோசனைதான். மூணு நாள் படம் எடுத்துக்கணும். ஒண்ணு-இரண்டு, இரண்டு-மூணு, ஒண்ணு-மூணு. முதல் இரண்டையும் கூட்டினா மூணாவது வரணும். வித்தியாசம் முழுச் சுற்றா நின்னா அன்ராப்பிங் தப்பு. நாரை, இதை முதல்ல செய்யுங்க.

ஆனா இந்த மூடல் கணக்கு ஈரத்தைப் பிடிக்காது. ஒரு நாளோட காத்து அந்த நாள் படத்தோடயே ஒட்டியிருக்கிறதால கூட்டிக் கழிக்கும்போது அடிபட்டுப் போயிடும், மூடல் சுத்தமா வரும். அதனால மூடிடுச்சுன்னு சந்தோஷப்படக் கூடாது. ஈரத்துக்கு மருந்து நிறைய படம். காத்து ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி. நிலம் ஒரே திசையில போகும். அம்பது அறுபது படம் அடுக்கினா காத்து தேய்ஞ்சு, நிலம் மிஞ்சும். இரண்டே படத்தை வச்சு வருஷக் கணக்கு சொல்றது, ஒரு நாள் ஜுரத்தைப் பார்த்து ஆயுள் சொல்ற மாதிரி.

இதுக்கு ஒரு நல்ல வழி மிலான் பாலிடெக்னிக்லேர்ந்து வந்துச்சு. 2000 வாக்குல ஃபெரெட்டி, பிராட்டி, ரொக்கா மூணு பேரும், எல்லாப் புள்ளியையும் நம்ப வேண்டாம், வருஷக்கணக்கா ஒரே மாதிரி எதிரொலிக்கிற புள்ளியை மட்டும் பொறுக்குவோம்னாங்க. பால்கனி கம்பி, தகரக் கூரை, சுவரும் தரையும் சேர்ற மூலை, மின்கோபுரம். ஊருக்குள்ள இதுக்குப் பஞ்சமே இல்லை. அதனாலதான் நகரத்துல வருஷத்துக்கு சில மி.மீ.ன்னு தைரியமா சொல்ல முடியுது. வயல்ல முடியாது. நெல் பன்னிரண்டு நாள்ல அடையாளம் தெரியாம வளர்ந்துடும்.

இன்னொண்ணு. பூஜ்யப் புள்ளியை மாத்துங்க. துரைப்பாக்கத்துல சதுப்போரம் எங்கயோ வச்சிருக்கீங்க. அது இறங்கினா ஊரே ஏறின மாதிரி வரும். இன்சார் சொல்றது எல்லாமே "அந்தப் புள்ளியைவிட" எவ்வளவுங்கிறதுதான்.


டம்பிலெவல் | ஞாயிறு, இரவு 9.20

அப்படியானால் பரங்கிமலையை எடுங்கள். பாறை. 1802 ஏப்ரலில் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெருவேலையைத் தொடங்கியபோது முதல் அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான நேர்கோட்டை) போட்டது பரங்கிமலை அருகேதான், ஏழரை மைல் நீளம், சங்கிலி வைத்து. அந்தப் பக்கம் முழுக்க சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான், அதனால்தான் அந்தப் பெயர். இறங்காது.


ஓரக்கண் | திங்கள், காலை 7.02

எல்லாம் சரி. ஆனா 7 செ.மீ. பொய்னு சொன்ன அதே ஆளுங்க ஜோஷிமட்லயும் அப்படித்தானே சொல்வீங்க? அங்க 12 நாள்ல 5.4 செ.மீ.ன்னு இஸ்ரோவோட மையமே சொல்லுச்சு. அடுத்த நாளே அறிக்கையைக் காணோம்.


அலைநீளம் | திங்கள், காலை 10.30

நல்ல கேள்வி, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஜோஷிமட்ல ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் இரண்டு கணக்கு சொல்லுச்சு. 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமார் 9 செ.மீ., அப்புறம் டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை 12 நாள்ல 5.4 செ.மீ. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2023 ஜனவரி 13-ல, நிறுவனங்கள் இது பற்றி ஊடகத்துல பேச வேண்டாம்னு சொன்னதும் அறிக்கை இணையத்துலேர்ந்து போயிடுச்சு. எடுத்தது தப்புங்கிறது என் கருத்து. எடுத்ததால வதந்திதான் வளர்ந்துச்சு.

ஆனா அந்த 5.4-ஐ நான் ஏன் நம்புனேன், நாரையோட 7-ஐ ஏன் நம்பலைன்னா: அங்க ஊர் நடுவுல, நிலச்சரிவு வடிவத்துல, எல்லை தெரியுற ஒரு பகுதி. அதே தெருக்கள்ல அதே வாரம் வீடு பிளந்துச்சு, ரோடு பிளந்துச்சு. அந்த ஊர் பழைய நிலச்சரிவுக் குப்பை மேல உட்கார்ந்திருக்குன்னு 1976-லேயே மிஸ்ரா குழு சொல்லிடுச்சு. ராடாரும் தரையும் ஊர் வரலாறும் ஒரே இடத்தைக் காட்டுச்சு.

அங்கயும் ஒரு சிக்கல் உண்டு. சரிவுல இருக்கிற ஊர். நிலம் நேரே கீழ இறங்குச்சா, மலைச்சரிவுல வழுக்குச்சான்னு ஒரே கோணத்துலேர்ந்து பார்த்தா தெரியாது. செயற்கைக்கோள் வடக்கே போற ஏறுபாதை, தெற்கே வர்ற இறங்குபாதை இரண்டுலயும் படம் இருந்தா செங்குத்தையும் கிழக்கு-மேற்கையும் பிரிக்கலாம். வடக்கு-தெற்கு அசைவு கிட்டத்தட்ட இந்தக் கண்ணுக்கே தெரியாது, ஏன்னா செயற்கைக்கோளே வடக்கு-தெற்காத்தான் ஓடுது.


டெல்லிவாசி | திங்கள், இரவு 10.15

ரொம்ப நாள் கழிச்சு நல்ல இழை. நான் 14 வருஷமா துவாரகாவுல. எங்க பக்கத்துக் கதையையும் சொல்றேன்.

ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல கபஷேரான்னு ஒரு ஏரியா. ஓடுபாதைக்கு ஒரு கி.மீ.கூட இல்லை. வாடகைக்குச் சின்னச் சின்ன ரூம், ஒவ்வொரு சந்துலயும் போர்வெல். 2022-ல ஐஐடி பம்பாய், ஜெர்மன், பிரிட்டிஷ் ஆட்கள் சேர்ந்து சென்டினல் படம் வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க. 2014-16-ல வருஷத்துக்கு 11 செ.மீ. இறங்கிக்கிட்டிருந்தது 2018-19-ல 17 செ.மீ. ஆயிடுச்சாம்.

ஆனா அதே ஆய்வுல துவாரகா வேற மாதிரி. முதல்ல வருஷத்துக்கு 3.5 செ.மீ. இறங்கிக்கிட்டிருந்துச்சு, அப்புறம் குறைஞ்சுது, 2018-19-ல ஒரு செ.மீ. அளவுக்கு மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு. காரணம் போரைக் கட்டுப்படுத்தினது, மழைநீர் சேகரிப்பு. ரெண்டு ஏரியாவுக்கும் நடுவுல ஆட்டோவுல போற தூரம்தான்.

எங்க சொசைட்டில போரை மூடச் சொன்ன அன்னிக்கு நடந்த கூட்டம் இன்னும் ஞாபகம் இருக்கு. மூணாவது மாடி ஆன்ட்டி ஒருத்தங்க பக்கெட்டைக் கொண்டுவந்து நடு ஹால்ல வச்சுட்டு, இதை நீங்க தினமும் நிரப்புங்கன்னாங்க. அப்ப யாருக்கும் தரை ஏறும்னு தெரியாது.

என் சந்தேகம்: ஏறுதுன்னா, போன 3.5, 3.5 எல்லாம் திரும்பி வந்துடுமா?


அலைநீளம் | செவ்வாய், மதியம் 12.10

வராது. பெரும்பகுதி போனது போனதுதான்.

அடியில மணல் அடுக்கும் களிமண் அடுக்கும் மாறி மாறி இருக்கும். போர் தண்ணியை எடுக்கிறது மணல்லேர்ந்து. ஆனா மணல்ல அழுத்தம் குறைஞ்சா, களிமண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி மெதுவா கசிஞ்சு மணலுக்கு வரும். தண்ணி தாங்கிக்கிட்டிருந்த பாரம் இப்ப களிமண் துகள் மேல இறங்கும். ஓரளவு வரைக்கும் ஸ்பிரிங் மாதிரி, தண்ணி வந்தா திரும்ப நிமிரும். அந்த மண் இதுவரைக்கும் பார்த்த அதிகபட்ச பாரத்தைத் தாண்டிட்டா துகள்களே இடம் மாறி நெருங்கிப் படுத்துடும். அப்புறம் எவ்வளவு தண்ணி விட்டாலும் நிமிராது. துவாரகாவுல ஏறுறது ஸ்பிரிங் பங்கு மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை: களிமண் கசியறது மெதுவுங்கிறதால, இன்னிக்குப் போரை நிறுத்தினாலும் நிலம் இன்னும் சில வருஷம் இறங்கிக்கிட்டே இருக்கலாம்.


டம்பிலெவல் | செவ்வாய், மாலை 4.05

கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் எடுத்த ஒரு புகைப்படத்தை நாங்கள் பயிற்சியில் பார்த்திருக்கிறோம். ஜோசஃப் போலந்து என்ற நிலவியலாளர் ஒரு மின்கம்பத்தின் அருகில் நிற்பார். அவர் தலைக்கு மேல், கம்பத்தின் உச்சியில் 1925 என்று ஒரு பலகை, நடுவில் 1955, காலடியில் 1977. வயலுக்குத் தண்ணீர் உறிஞ்சியதில் அரை நூற்றாண்டில் சுமார் ஒன்பது மீட்டர். அங்கே வெடிப்பு விழுந்த வீடு குறைவு, ஏனென்றால் வயல் முழுவதும் சேர்ந்து இறங்கியது. கால்வாயின் வாட்டம்தான் கெட்டது.

இதைச் சொல்வது வளசரவாக்கம் நண்பருக்காக.


கீழ்த்தளம் | செவ்வாய், மாலை 6.30

ஐயா, எனக்காகவா? ஒண்ணும் புரியலை. எங்க வீடு இறங்குதா இல்லையா?


அலைநீளம் | செவ்வாய், இரவு 9.00

ஐயா சொன்னதை நான் எண்ணா வைக்கிறேன்.

நீங்க பேப்பர்ல பார்த்தது 2025 அக்டோபர்ல வந்த வர்ஜீனியா டெக் குழுவோட ஆய்வு. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, சென்னை, 2015 முதல் 2023 வரைக்குமான ராடார் படங்கள். சென்னையில மிக மோசமான புள்ளி வருஷத்துக்கு 31.7 மி.மீ., டெல்லியில 51 மி.மீ. அஞ்சு ஊரும் சேர்த்து 878 சதுர கி.மீ. இறங்குதுங்கிறதுதான் தலைப்புச் செய்தி. ஆனா அதே ஆய்வுல, இப்பவே அதிக சேத ஆபத்துல இருக்கிற கட்டடம் 2,406. அதுல டெல்லி 2,264, மும்பை 110, சென்னை 32. 

ஏன் இவ்வளவு குறைவு? வீடு இறங்கினா உடையாது. வீட்டோட ஒரு கால் மட்டும் இறங்கினாத்தான் உடையும். இரண்டு தூணுக்கு நடுவுல இருக்கிற தூரத்துல முந்நூறுல ஒரு பங்கு வித்தியாசம் வந்தா சுவர் வெடிக்கும்னு 1956-ல ஸ்கெம்ப்டன், மெக்டொனால்ட் சொன்னது இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. நாலு மீட்டர் இடைவெளின்னா 13 மி.மீ.

இப்ப உங்க ஏரியாவுல ஒரு இடத்துக்கும் அரை கி.மீ. தள்ளி இருக்கிற இடத்துக்கும் வருஷத்துக்கு 10 மி.மீ. வித்தியாசம்னே வச்சுக்குவோம். பத்து மீட்டர் வீட்டுக்குள்ள அது 0.2 மி.மீ. முந்நூறுல ஒரு பங்கு ஆக 160 வருஷத்துக்கு மேல ஆகும். உங்க வெடிப்புக்கு வயசு இரண்டு.

அதோட, சென்டினல் படத்துல ஒரு புள்ளி சுமார் 5 மீட்டருக்கு 20 மீட்டர். உங்க வீடும் பக்கத்து வீட்டு மாடிப்படியும் ஒரே புள்ளி. உங்க இரண்டு தூணை அது பிரிச்சுப் பார்க்காது. கட்டினவர் சாட்டிலைட் மேல பழியைப் போட்டது கெட்டிக்காரத்தனம்தான்.


டம்பிலெவல் | புதன், காலை 7.15

வெடிப்பு ஜன்னல் மூலையிலிருந்து மூலைவிட்டமாகப் போகிறது என்றால் ஒரு பக்க அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? சம்ப், செப்டிக் டேங்க், பக்கத்து மனையில் தோண்டிய பள்ளம், பெரிய மரம், ஒழுகும் குழாய். இவற்றை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்காதீர்கள்.

ஒரு ரூபாய் செலவில்லாத கருவி சொல்கிறேன். கண்ணாடிக் கடையில் வெட்டிப் போட்ட மெல்லிய துண்டுகள் கிடைக்கும். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சிமென்ட் பால் அல்லது எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். தேதியை எழுதுங்கள். சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி உடையும். மூன்று இடத்தில் வையுங்கள்: மேலே, நடுவே, கீழே. பெயின்டை உரித்துவிட்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட்தான் நகரும்.


டெல்லிவாசி | புதன், இரவு 11.00

ஒரு சின்ன இடைச்செருகல். எங்க மெட்ரோ தூணெல்லாம் ஆழமான பைல் (நிலத்துக்குள்ள இறக்கின அஸ்திவாரத் தூண்) மேல நிக்குது. தரை இறங்கினா தூண் இறங்குமா?


அலைநீளம் | வியாழன், காலை 9.40

இறங்குற அடுக்குக்கும் கீழ வரைக்கும் பைல் போயிருந்தா இறங்காது. தரைதான் தூணை விட்டுக் கீழ போகும். மெக்சிகோ சிட்டியில 1910-ல கட்டின விடுதலைத் தேவதை நினைவுத்தூண் இருக்கு. ஆழமான அஸ்திவாரம். சுத்தி ரோடு இறங்கி இறங்கி, தூணுக்குப் போக 14 படி புதுசா கட்ட வேண்டியதாச்சு. தேவதை உயரலை, ஊர் இறங்குச்சு.

இதுல எங்க துறைக்கே ஒரு உறுத்தல் இருக்கு. ராடார் பளிச்சுனு பிடிக்கிற புள்ளியெல்லாம் கட்டடம். பைல் மேல நிக்கிற பத்து மாடி அசையலைன்னு சொல்லும், பக்கத்துல இருக்கிற ஓட்டு வீடு இறங்குறது அந்தப் பளபளப்புல மங்கிப் போகும். நாங்க "நிலம் தாழ்வு"ன்னு தலைப்பு போடுறோம், அளக்கிறது பல இடத்துல மொட்டை மாடியை. புதுசா அடுக்குமாடி வந்த ஏரியாவுல நிலைமை நல்லா இருக்குன்னு வரைபடம் சொன்னா நான் இரண்டு தடவை பார்ப்பேன்.


காவிரிக்கரை | வியாழன், இரவு 8.20

வயல்ல முடியாதுன்னு சொல்லிட்டீங்க. அப்ப எங்க மாதிரி டெல்டாக்காரனுக்கு ராடார் எதுவுமே சொல்லாதா?


அலைநீளம் | வியாழன், இரவு 8.55

நைசார் ராடார் செயற்கைக்கோள் வந்திருக்கே. 2025 ஜூலை 30-ல ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து போனது, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து. 12 மீட்டர் குடை மாதிரி ஆன்டெனா. அதோட எல்-பேண்ட் அலைநீளம் 24 செ.மீ., இலைக்கும் பயிருக்கும் அவ்வளவா அசராது. தென்னந்தோப்பு, வாழை எல்லாம் ஓரளவு கடந்து கீழ பார்க்கும். ஒரு சுற்று 12 செ.மீ.ங்கிறதால நாரைக்கு நடந்த தாவல் பிழையும் குறையும். ஆனா நாத்து நட்ட வயல்ல தேங்கின தண்ணிக்கு அதுகிட்டயும் மருந்து இல்லை. கரையும் ரோடும் பம்ப் செட் கொட்டகையும்தான் கைகொடுக்கும்.


நாரை | 17 நாள் கழித்து, ஞாயிறு, காலை 10.05

மன்னிக்கணும், கைடு கையில மாட்டிக்கிட்டேன். நடந்ததைச் சொல்றேன்.

மூணு படம் மூடல் பார்த்தேன். சரியா இரண்டு சுற்று மிச்சம். தரமணியைச் சேர்த்துத் திரும்ப அன்ராப் பண்ணேன், படிக்கட்டு போயிடுச்சு. 7 செ.மீ.யும் போயிடுச்சு. அந்தப் படத்தை டெஸ்க்டாப்ல தனியா வச்சிருக்கேன், திமிர் வரும்போது பார்த்துக்கிறதுக்கு.

அப்புறம் பரங்கிமலையில பூஜ்யம் வச்சு 58 படம் அடுக்கினேன். முதல்ல பன்னிரண்டு நாள் ஜோடிகளை மட்டும் சங்கிலியா கோத்தேன். மரம், புதர் இருக்கிற இடமெல்லாம் மெதுவா நகர்ற மாதிரி வந்துச்சு. அலைநீளம் அக்கா தனிமடல்ல சொன்னாங்க, குறுகிய ஜோடியை மட்டும் கோத்தா செடியும் மண் ஈரமும் சின்னச் சின்ன சாய்வைச் சேர்த்துக்கிட்டே போகும்னு. 2021-ல ஜெர்மன் விண்வெளி மையத்து ஆட்கள் இதைப் பத்தி எழுதியிருக்காங்க. நீளமான ஜோடிகளையும் சேர்த்ததும் அது பெரும்பாலும் அடங்கிடுச்சு.

மிச்சம் இருக்கிற எண்ணை இங்க எழுத மாட்டேன். பிழைக்கோடு (எவ்வளவு தப்பா இருக்கலாம்ங்கிற அளவு) அதைவிடப் பெரிசா இருக்கு. தரையில லெவல் எடுத்த ஒரு இடமாவது கிடைச்சா ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு கைடு சொல்றார்.


ஓரக்கண் | ஞாயிறு, காலை 10.40

அப்ப நான் அன்னிக்குச் சொன்ன மாதிரி போட்டிருந்தா?


நாரை | ஞாயிறு, காலை 10.44

வேளச்சேரியில வீட்டு வாடகை குறைஞ்சிருக்கும்.


கீழ்த்தளம் | ஞாயிறு, மதியம் 3.15

டம்பிலெவல் ஐயா, மூணு கண்ணாடி ஒட்டினேன். மேல இருந்தது போன புதன்கிழமை உடைஞ்சிடுச்சு. மத்த ரெண்டும் அப்படியே இருக்கு. அந்தப் பக்கம் கீழ என்ன இருக்குன்னு கேட்டீங்களே, சம்ப்தான். ராத்திரி மோட்டாரை நிறுத்திட்டு மட்டத்தைப் பென்சில்ல குறிச்சு வச்சேன். காலையில பார்த்தா நாலு விரல் கம்மி. யாரும் குழாயைத் திறக்கலை.

சம்பைக் காலி பண்ணச் சொல்லியாச்சு. ஆனா வீடு இன்னும் இறங்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?


டம்பிலெவல் | ஞாயிறு, மாலை 5.30

என்னிடம் ஒரு ஆட்டோ லெவல் இருக்கிறது. பழையது, ஆனால் சரிபார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் நான்கு மூலையிலும் பிளின்த் மேல் ஒரு ஆணி அடித்துவிட்டு, தெருக்கோடியில் ஒரு நிலையான இடத்திலிருந்து லெவல் எடுப்போம். மாதம் ஒரு முறை எடுத்தால் போதும். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறேன், வெயில் ஏறினால் ஸ்டாஃப் கண்ணுக்கு ஆடும். ஸ்டாஃப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.


நாரை | ஞாயிறு, மாலை 5.36

நான் வர்றேன் ஐயா. ஆறு மணிக்கே வந்துடுறேன்.